உள்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

குன்னூர் மார்க்கெட் பக்கம் தார்ப்பாய் விரித்துப் பழைய ஸ்வெட்டர்களைக் குவித்து விற்பவர்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். மற்றவர்கள் நிறம் பார்ப்பார்கள், தோளோடு வைத்து அளவு பார்ப்பார்கள். நான் ஸ்வெட்டரை உள்ளும் புறமுமாகத் திருப்பி, அக்குளிலிருந்து இடுப்பு வரை ஓடும் தையலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பேன். "டீச்சரம்மா, ஸ்வெட்டர் வாங்குறீங்களா, பரீட்சைப் பேப்பர் திருத்துறீங்களா?" என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டார். "போட்டுக்க இல்லப்பா, பிரிக்க" என்றேன். 150 ரூபாய் சொன்னதை உடனே 100 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். பிரித்துப் போடப்போகிற பொருளுக்கு என்ன பேரம் என்று நினைத்திருப்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பு எடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் பின்னல் ஊசியைக் கீழே வைக்கவில்லை. எங்கள் மலையில் ஸ்வெட்டர் பின்னத் தெரிந்த பெண்கள் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஆஸ்பத்திரி வரிசையிலும் கை பின்னிக்கொண்டே இருக்கும். ஊசிக்கும் நாங்கள் தூரம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து ஊட்டி போகும் வழியில் உள்ள கேத்தியில்தான் 1949-இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலை இருக்கிறது. உலகம் முழுக்கப் பின்னல்காரர்கள் வாங்கும் 'போனி' ஊசிகள் அங்கே தயாராகின்றன. நூல்தான் எப்போதும் வெளியூர்ச் சரக்கு, பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வருவது.

இன்று கடையில் 'உல்லன்' என்று கேட்டால் எடுத்துப் போடுவதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை நூல். சுத்தமான ஆட்டுக் கம்பளி நூலில் ஓர் ஆளுக்கு ஸ்வெட்டர் பின்ன வேண்டுமென்றால் நூலுக்கு மட்டுமே சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதே கம்பளி, அதைவிட நல்ல கம்பளிகூட, யாரோ போட்டுச் சலித்த ஸ்வெட்டராகத் தார்ப்பாயில் கிடக்கிறது. அதைத் திரும்ப நூலாக்க வேண்டியதுதான் நம் வேலை.

எல்லாத் துணியும் நூலாகத் திரும்பாது

பருத்திப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு நீளவாட்டில் ஓடுகிறது, ஊடை குறுக்கே போய்வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால், பழைய புடவையிலிருந்து நூலை உருவினால் சிக்கும் சிம்பும்தான் மிஞ்சும். அதனால்தான் பழைய புடவை தலையணை உறையாகவோ தொட்டில் துணியாகவோ கடைசியில் கைப்பிடித் துணியாகவோ ஆகிறது, ஆனால் நூலாக ஆவதில்லை.

பின்னலின் கட்டுமானம் வேறு. ஒரே நூல் வரிசை வரிசையாக வளைந்து வளைந்து கண்ணிகளாகிறது. ஒவ்வொரு கண்ணியையும் அதற்கு மேல் வரிசைக் கண்ணி பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசி வரிசையின் முனையை அவிழ்த்துவிட்டால், பிடிப்பதற்கு மேலே எதுவும் இல்லாததால் வரிசை முழுவதும் வழிந்து வந்துவிடும். பிறகு அதற்குக் கீழ் வரிசை, அதற்கும் கீழ் வரிசை. வெட்டுப்படாத பின்னல் துணி, பின்னியவரின் கைக்கு எப்படி வந்ததோ அப்படியே நீள நூலாகத் திரும்பப் போகும்.

'வெட்டுப்படாத' என்பதுதான் இதில் முக்கியம். திருப்பூர் பனியன் துணியும் பின்னல்தான். ஆனால் அதை மெஷினில் சுருள் சுருளாகப் பின்னி, அடுக்கி, பேட்டர்ன் வைத்து வெட்டி, ஓவர்லாக் போட்டுத் தைக்கிறார்கள். வெட்டிய இடத்திலெல்லாம் ஒவ்வொரு வரிசையும் அறுந்திருக்கும். பிரித்தால் துண்டு துண்டாகத்தான் வரும். அந்தத் துண்டுகளையும் திருப்பூர்க்காரர்கள் வீணாக்குவதில்லை. கட்டிங் வேஸ்ட்டை வாங்கிப் பஞ்சாக அரைத்து மறுபடி நூலாக நூற்கும் மில்கள் இருக்கின்றன. அது மெஷினால் மட்டும் முடிகிற காரியம்.

எனவே ஸ்வெட்டரின் எதிர்காலம் அதன் உள்பக்கத்தில் எழுதியிருக்கிறது. பக்கத் தையல் ஓரத்தில் மூன்று நான்கு மெல்லிய நூல்கள் வலைபோல் நெருக்கமாகச் சுற்றி, ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் அது ஓவர்லாக். கீழே வைத்துவிடுங்கள். முன்பக்கத் துண்டும் பின்பக்கத் துண்டும் தனித்தனியாக அளவுக்குப் பின்னப்பட்டு, முழு ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்திருந்தால் அது நமக்கு. கையைப் பின்னியவர் அக்குளுக்கு அருகே கண்ணிகளைக் குறைத்துக் குறைத்து வளைவு கொடுத்திருப்பார். அந்தக் குறைப்புப் புள்ளிகள் வரிசையாக வெளியே தெரியும். கையால் பின்னியதோ மெஷினில் பின்னியதோ, அந்தப் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் துண்டு வெட்டுப்படவில்லை என்று நம்பி வாங்கலாம்.

கம்பளியா, கம்பளி மாதிரியா?

லேபிள் கிழிந்துபோன ஸ்வெட்டரில் நூல் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்பக்கம் தொங்கும் நூல் முனையில் விரல் நீளம் வெட்டி, சிமெண்டுத் தரையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். ஆட்டுக் கம்பளியானால் தலைமுடி கருகும் நாற்றம் வரும். தீயை எடுத்தால் தானாக அணையும். மீந்த கரியை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, கரும்புகை விட்டு எரிந்து, ஆறியதும் கல்போன்ற கறுப்பு மணியாக நிற்கும். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும்.

தீ வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. சிறு கிண்ணத்தில் கொஞ்சம் துணி வெளுக்கும் பிளீச் ஊற்றி, நூல் துண்டைப் போட்டுவையுங்கள். கம்பளி கெராட்டின் என்ற புரதம், நம் முடியும் நகமும் எதனால் ஆனதோ அதுதான். பிளீச் அதைக் கரைத்துவிடும். அக்ரிலிக் அப்படியே கிடக்கும். கரைந்தும் கரையாமலும் பாதி மிஞ்சினால் இரண்டும் கலந்த நூல். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பிளீச்சோடு டாய்லெட் கழுவும் ஆசிடை எந்தக் காரணத்துக்கும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

பிறகு ஸ்வெட்டரை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் பூச்சி அரித்திருக்கிறது. ஓர் ஓட்டை என்றால் நூல் ஓரிடத்தில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம், அதைச் சமாளிக்கலாம். வெந்நீரில் போட்டு அடித்துத் துவைத்து, கண்ணியே தெரியாமல் கெட்டியாகச் சுருங்கிப்போன கம்பளியை யாராலும் பிரிக்க முடியாது. அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னி அடைத்துக்கொண்டிருக்கும். மொகேர், அங்கோரா மாதிரி பஞ்சுபோன்ற மயிர் நூலும் ஒட்டிக்கொண்டு பொறுமையைச் சோதிக்கும்.

பிரிக்கிற முறை

நல்ல வெளிச்சம், கூர்முனைக் கத்தரி, ஒரு நாற்காலி. இவ்வளவு போதும்.

தைத்தவர் எந்த வரிசையில் தைத்தாரோ அதற்கு எதிர் வரிசையில் போக வேண்டும். முதலில் பட்டன், ஜிப், லேபிள். அடுத்து கழுத்துப் பட்டி. பிறகு பக்கத் தையலும் கையின் அடித்தையலும். பிறகு கையை உடலிலிருந்து எடுப்பது. கடைசியில் தோள். எல்லாம் முடிந்ததும் முன், பின், இரண்டு கை என்று நான்கு தட்டைத் துண்டுகள் மேசைமேல் கிடக்கும்.

மெஷின் ஸ்வெட்டரில் பெரும்பாலும் சங்கிலித் தையல் போட்டிருப்பார்கள். அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருக்கிற அதே தையல்தான். ஒரு பக்கத்திலிருந்து இழுத்தால் அசையாது, சரியான பக்கத்து முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் வந்துவிடும். அந்த முனையைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் செலவழித்தாலும் நஷ்டமில்லை. கண்டுபிடிக்க முடியாவிட்டால், இரண்டு துண்டுகளையும் மெல்ல விரித்துப் பிடித்து, நடுவில் ஏணிப்படிபோல் தெரியும் தையல் நூலை மட்டும் வெட்டுங்கள். தையல் நூலும் ஸ்வெட்டர் நூலும் ஒரே நிறமாக இருந்தால் இங்கேதான் கண்ணாடி வேண்டும். துண்டின் ஓரக் கண்ணி ஒன்று வெட்டுப்பட்டால் நூல் அந்த வரிசையில் அறுந்துவிடும்.

துண்டை எந்த முனையிலிருந்து பிரிப்பது? ஸ்வெட்டரைப் பெரும்பாலும் இடுப்பு பார்டரில் தொடங்கி மேல்நோக்கிப் பின்னுவார்கள். ஆகவே தோளில் தொடங்கிக் கீழே வர வேண்டும். கண்ணி ஏற்றிய பார்டர் பக்கம் இழுத்தால் ஒவ்வொரு வரிசையிலும் மாட்டிக்கொள்ளும். தோள் ஓரத்தில் மூடிய கடைசிக் கண்ணியை வெட்டி, ஊசிமுனையால் நெம்பி, வரிசை ஓடத் தொடங்கும் வரை மட்டும்தான் வேலை. பிறகு கை தானாகப் பழகிவிடும். வெடுக்கென்று இழுக்காமல், வரிசையின் நீளத்துக்கு இடமும் வலமுமாகக் கையை ஆட்டி எடுங்கள். எடுக்க எடுக்க நாற்காலியின் முதுகில் சுற்றிக்கொண்டே வந்தால் சிக்காது. வீட்டில் பேரன் பேத்தி இருந்தால் ஒருவர் இழுக்க ஒருவர் சுற்றலாம். டிவியில் ஒரு சினிமா ஓடி முடிவதற்குள் ஒரு பின்பக்கத் துண்டு காலியாகிவிடும்.

முழங்கை, அக்குள், கையின் விளிம்பு மூன்றிலும் நூல் தேய்ந்து மெலிந்திருக்கும். விரலுக்கிடையில் ஓடும்போதே அது தெரியும். அந்தப் பகுதியை அறுத்து ஒதுக்கிவிடுங்கள். அதைச் சேர்த்துப் பின்னினால் புதிய ஸ்வெட்டரிலும் அந்த இடம்தான் முதலில் விடும்.

நெளி போகிற வரை

பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும். அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகப் போகும். நாற்காலியில் சுற்றிய நூலைக் கழற்றுவதற்கு முன் நான்கு இடங்களில் வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். கைத்தறிக்காரர்கள் சிட்டம் என்று சொல்வது இந்த வடிவத்தைத்தான். கட்டாமல் தண்ணீரில் போட்டால் ஒரு ஸ்வெட்டரின் நூலும் ஒரே சிக்காகிவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ அல்லது பூந்திக்கொட்டைச் சாறு கலந்து, சிட்டத்தை அமுக்கி அரைமணி நேரம் விடுங்கள். குனிந்து பார்த்தால் நடப்பது தெரியும். முதலில் மிதக்கும் சிட்டம், தண்ணீர் குடித்து இறங்கும். இறங்க இறங்க ஒவ்வொரு நெளியாக இளகி நீளும். கெராட்டின் இழைக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் தளர்த்துகிறது. உலரும்போது இழை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே பிணைப்புகள் மறுபடி அமைகின்றன. குளித்த தலையைச் சீவிக் காயவிட்டால் முடி படிந்து நிற்பதற்கும் இதுதான் காரணம்.

முறுக்கிப் பிழியாதீர்கள். கம்பளி நனைந்தால் பலம் குறையும். துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்து, நிழலில் கொடியில் மாட்டி, கீழ் வளைவில் ஒரு ஹேங்கரையோ சின்னக் கரண்டியையோ தொங்கவிடுங்கள். அந்த எடை போதும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊரில் இந்த வேலையை நான் தொடவே மாட்டேன். மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும் நாட்களில் சிட்டம் காயாமல் பூஞ்சை வாசம் பிடித்துவிடும். தை பிறந்ததும் வெயிலும் வறண்ட காற்றும் கிடைக்கும்.

அக்ரிலிக் நூலின் நெளி வெறும் தண்ணீருக்கு மசியாது. அதற்கு இட்லிப் பானை ஆவியைக் கொஞ்சம் தள்ளி நின்று காட்ட வேண்டும். சூடு அதிகமானால் நூல் துவண்டு உயிரற்றுப் போகும், பிறகு அது மீளாது.

நூல் எவ்வளவு, என்ன பின்னலாம்?

சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். முழுக்கை வைத்த ஆண்கள் ஸ்வெட்டர் சாதாரணமாக 400 முதல் 500 கிராம் இருக்கும். தேய்ந்ததை ஒதுக்கியது போக மிஞ்சுவதில் அதே அளவு ஸ்வெட்டர் வராது. ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஸ்வெட்டர் வரும், மேலே ஒரு குல்லாவும் வரும்.

நூலின் பருமன் தெரிய ஸ்கேலில் ஓர் அங்குலத்துக்கு நெருக்கமாக, இழுக்காமல் சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். வீட்டில் இருக்கும் தெரிந்த நூலையும் அப்படியே சுற்றி ஒப்பிட்டால் எந்த ஊசி என்று பிடிபடும். நம் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் பழக்கம். 8-ஆம் நம்பர் என்றால் 4 மி.மீ., 10-ஆம் நம்பர் என்றால் 3.25 மி.மீ. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். மெஷின் ஸ்வெட்டர் நூல் தையல் நூலைவிடக் கொஞ்சமே பருமனாக வந்தால் இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்துப் பின்னுங்கள். இரண்டு ஸ்வெட்டரிலிருந்து இரண்டு நிறம் சேர்த்தால் கடையில் கிடைக்காத கலவை நிறம் கிடைக்கும்.

அறுந்த முனைகளை முடிச்சுப் போடாமல் சேர்க்க, சுத்தக் கம்பளியில் ஒரு வித்தை உண்டு. இரண்டு முனைகளையும் முறுக்கவிழ்த்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஈரப்படுத்தி, உள்ளங்கைகளுக்கு நடுவே சூடு பறக்கத் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு, ஈரமும் உராய்வும் சேரும்போது அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மெஷினில் துவைக்கலாம் என்று லேபிள் போட்டு வரும் கம்பளியில் அந்தச் செதிலை மழுக்கியிருப்பார்கள், அது ஒட்டாது. அக்ரிலிக்கும் ஒட்டாது. அவற்றுக்குத் துண்டின் ஓரத்தில் முடிச்சுப் போட்டுத் தையலுக்குள் மறைக்க வேண்டியதுதான்.

பஞ்சமும் பானிப்பட்டும்

இந்தப் பழக்கத்தை ஓர் அரசாங்கமே சொல்லிக்கொடுத்த காலம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன். முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். இரண்டு அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம் பின்னல் நூலுக்கு ஒரு கூப்பன் போய்விடும். பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நூலுக்குக் கூப்பன் வேண்டாம். 1943-இல் 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்று வர்த்தகத் துறை வெளியிட்ட கையேடு, கிழிந்ததைத் தைக்கவும் பழையதை மாற்றியமைக்கவும் வீட்டுப் பெண்களுக்கு வழி சொன்னது. துணி ரேஷன் 1949 வரை நீடித்தது.

அதற்கும் வெகு முன்பே அந்நாட்டு மீனவக் குடும்பங்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக இருந்திருக்கின்றன. கான்ஸி என்ற மீனவர் ஸ்வெட்டரின் கையைத் தோளில் தொடங்கி மணிக்கட்டு நோக்கிப் பின்னினார்கள். கயிறும் உப்புநீரும் முதலில் தின்பது கைவிளிம்பைத்தான். மேலிருந்து கீழே பின்னியதால் அந்தத் தேய்ந்த பகுதியை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்னிவிடலாம். பிரிக்கப்போவதை நினைத்தே பின்னியிருக்கிறார்கள்.

தொழிற்சாலை முறை இதற்கு நேர்மாறு. 1813-இல் இங்கிலாந்தின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைக் கிழித்துப் பஞ்சாக்கிப் புதுக் கம்பளியோடு கலந்து நூற்கத் தொடங்கினார். ஷாடி என்று பெயர் பெற்ற அந்தத் தொழில் பின்னாளில் ஹரியானாவின் பானிப்பட்டில் வேரூன்றியது. மேல்நாடுகளில் கழித்த ஸ்வெட்டர்களும் கோட்டுகளும் அங்கே பொதி பொதியாக வந்து இறங்குகின்றன. பெண்கள் பட்டனையும் ஜிப்பையும் வெட்டி எடுத்து, நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். நிறம் பிரித்தால் சாயம் போடும் செலவு மிச்சம். பிறகு மெஷின் கிழிக்கிறது. வெள்ளம், பூகம்பம் என்றால் நிவாரணமாகக் கொடுக்கும் மலிவுக் கம்பளிப் போர்வைகளில் பல அங்கே பிறந்தவை. மேக்னா குப்தா 2012-இல் எடுத்த 'அன்ராவல்' என்ற ஆவணப்படத்தில் அந்தப் பெண்களைப் பார்க்கலாம். இவ்வளவு நல்ல துணியை ஏன் தூக்கிப் போடுகிறார்கள் என்று அவர்கள் யோசிக்கிறார்கள். துவைக்கத் தண்ணீர் கிடைக்காத ஊரோ என்று அவர்களுக்குச் சந்தேகம்.

மெஷின் கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும். குட்டை இழையில் நூற்ற நூலுக்குப் பலம் குறைவு, அதனால்தான் அதில் வேறு இழை கலக்க வேண்டியிருக்கிறது. கையால் பிரிக்கும்போது இழை எதுவும் அறுவதில்லை. முதல் நாள் இருந்த முறுக்கும் நீளமும் அப்படியே இருக்கின்றன. லட்சக்கணக்கான ஸ்வெட்டர்களுக்குக் கைமுறை உதவாது, ஒத்துக்கொள்கிறேன். வெட்டித் தைத்த துணிக்கு பானிப்பட்டை விட்டால் வேறு கதியும் இல்லை. ஆனால் நம் அலமாரியில் இருக்கும் நான்கைந்து நல்ல கம்பளி ஸ்வெட்டர்களை அந்தப் பொதியில் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை.

மெனக்கெட வேண்டுமா?

என் மருமகள் கேட்பாள், "அத்தை, ஆன்லைன்ல நானூறு ரூபாய்க்குப் புது ஸ்வெட்டரே வருதே, இவ்வளவு மெனக்கெடணுமா?" நியாயமான கேள்வி. என் நேரத்துக்குக் கூலி போட்டால் இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் கட்டுப்படியாகாது. அந்த நானூறு ரூபாய் ஸ்வெட்டரின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். ஓவர்லாக். நூல் அக்ரிலிக். பையன் வளர்ந்துவிட்டால் அதை வேறு பையனுக்குக் கொடுக்கலாம், கிழிந்தால் பைக் துடைக்கலாம், அதற்குமேல் அதில் எதுவும் இல்லை. நான் பின்னியதில் அவனுடைய அடுத்த ஸ்வெட்டருக்கு நூல் இருக்கிறது. கொஞ்சம் போதாமல் போகும், அதற்கு ஒரு பட்டை வேறு நிறம் சேர்த்தால் சரியாகிவிடும்.

அதனால் இப்போதெல்லாம் குழந்தைகளுக்குப் பின்னும்போது நான் சில விஷயங்களில் கறாராக இருக்கிறேன். பக்கத் தையலுக்கு ஸ்வெட்டர் நூலையே பயன்படுத்துவதில்லை, ஒரு சாயல் மாறிய நூலை எடுக்கிறேன். வெளியே தெரியாது, பிரிப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். முனைகளை இறுக்கி முடிச்சுப் போடாமல் விரல் நீளம் உள்ளே ஓட்டிவிடுகிறேன். கையைத் தோளிலிருந்து கீழே பின்னுகிறேன். ஸ்வெட்டரைக் கொடுக்கும்போது அந்தக் குழந்தையின் அம்மாவிடம் உள்பக்கத்தைத் திருப்பி, இடது தோளில் கடைசி முனை எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் வருகிறேன். "இப்பவே எதுக்கு டீச்சர்?" என்று சிரிக்கிறார்கள். பையன் இரண்டு விரற்கடை வளரட்டும், தேடுவார்கள்.